தோபி தலாவில் ஒரு கேடயக் கடை: மூன்று கேடயங்கள், ஒரு இணைக்கொம்பு

மும்பையில் கேடயம், கோப்பை, நினைவுப் பரிசு என்று எது வேண்டுமென்று கேட்டாலும் பெரும்பாலோர் கைகாட்டும் இடம் தோபி தலாவ். மெட்ரோ திரையரங்கைச் சுற்றியுள்ள தெருக்களில், கிரிக்கெட் மட்டை விற்கும் கடைகளுக்கு நடுவே, கண்ணாடி அலமாரி நிறையக் கோப்பைகளை அடுக்கிவைத்த கடைகள் இருக்கின்றன. கடந்த ஜூலையில் எங்கள் முன்னாள் மாணவர் குழுவுக்காக அவற்றில் ஒன்றில் மூன்று கேடயங்கள் செய்யக் கொடுத்தோம். கடையில் நேர்ந்த பிழைகளையும் சேர்த்தே எழுதவேண்டியிருப்பதால் அதன் பெயரைத் தவிர்க்கிறேன்.

நாங்கள் தாராவிப் பக்கத்து மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் படித்தவர்கள். மராத்தி, இந்தி, உருது, குஜராத்தி, ஆங்கிலம், கன்னடம், தெலுங்கு ஆகியவற்றோடு தமிழிலும் மும்பை மாநகராட்சி பள்ளி நடத்துகிறது என்றால் ஊரில் இருக்கும் உறவினர்கள் இன்றும் எளிதில் நம்புவதில்லை. ஓய்வுபெறும் தலைமையாசிரியைக்கு ஒரு கேடயம் என்றுதான் பேச்சு தொடங்கியது. பொருளாளராக இருக்கும் அண்ணாச்சி குறுக்கிட்டார்: “பெரிய டீச்சருக்குச் செய்யணும், சரி. கிச்சடி கொண்டு வந்த அக்காமாருக்கு யாரு செய்வா?” மும்பை மாநகராட்சிப் பள்ளிகளுக்கு மதிய உணவைச் சமைத்து அனுப்புவதில் மகளிர் குழுக்களுக்குப் பெரும்பங்கு உண்டு. ஆசிரியர்களுக்கு மேயர் விருது இருக்கிறது, மாநில விருது இருக்கிறது, 1958 முதல் வழங்கப்படும் தேசிய விருதும் இருக்கிறது. அதிகாலையில் அண்டாவை அடுப்பில் ஏற்றுபவரை மேடைக்கு அழைத்ததாக நாங்கள் யாரும் கேள்விப்பட்டதில்லை. அந்த நியாயத்திலேயே மூன்றாவதாகப் பள்ளி மேலாண்மைக் குழுவும் பட்டியலில் சேர்ந்தது. அக்குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்கவேண்டும் என்றும், பாதிப் பேர் பெண்களாக இருக்கவேண்டும் என்றும் 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. எங்கள் பள்ளியில் அந்தத் தாய்மார்கள் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டதோடு நிற்காமல், பெண் பிள்ளைகளின் கழிப்பறைக்குத் தண்ணீர் இணைப்பு கிடைக்கும்வரை மனு எழுதினார்கள்.

கடையைப் பற்றி முதலில் சொல்லவேண்டியது, அதன் உரிமையாளர் வாடிக்கையாளரைக் கேள்வி கேட்கிறார் என்பது. மாதிரி வாசகங்கள் அடங்கிய தடித்த கோப்பு ஒன்று அவரிடம் இருக்கிறது. “கல்விப் பணியில் ஆற்றிய சீரிய சேவையைப் பாராட்டி” என்ற வகையிலான வரிகள் மராத்தி, இந்தி, ஆங்கிலம் மூன்றிலும் தயாராக உள்ளன. பெயரை மட்டும் மாற்றினால் போதும். நாங்களோ அதைவிட மோசமான ஒன்றைக் கையில் எடுத்துப் போயிருந்தோம். “கல்விக்கண் திறந்த கருணை விளக்கே” என்று தொடங்கும் பதினான்கு வரி வாழ்த்துமடல் அது. அவர் அளவுகோலை வைத்துப் பார்த்துவிட்டு, கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்கான அக்ரிலிக்கில், அதுவும் பன்னிரண்டு அங்குலப் பலகையில், இவ்வளவையும் அடைத்தால் எழுத்து எறும்பு அளவுக்குச் சுருங்கிவிடும் என்றார். பிறகு இந்தியில் கேட்டார்: “மேடம் என்ன செய்தார்? அதை மட்டும் சொல்லுங்கள்.”

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எங்களுக்கு ஏறத்தாழ அரை மணி நேரம் பிடித்தது என்பதை வெட்கத்தோடுதான் எழுதுகிறேன். கருணை, தியாகம், அர்ப்பணிப்பு என்று ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தபோது, எந்தத் தலைமையாசிரியைக்கும் பொருந்தும் சொற்கள் எல்லாம் போய், இவருக்கு மட்டுமே பொருந்தும் ஒரு வரி மிஞ்சியது: “பள்ளிக்கு வராமல் நின்ற பிள்ளைகளை வீடு தேடிப்போய் அழைத்து வந்தவர்.” சமையல் குழுவுக்கு மராத்தியில் எழுதிய வரியின் பொருள், “மழை நாளிலும் மணி தவறாமல் எங்களுக்குச் சோறு அனுப்பியவர்கள்” என்பது. வாழ்த்துமடலை நாங்கள் தனியாக அச்சிட்டு மேடையில் வாசித்துக்கொண்டோம். அண்ணாச்சியின் மனம் புண்படாமல் இருக்க அதுவும் வேண்டியிருந்தது.

அடுத்தது எழுத்து விவகாரம். தமிழ் வாசகர்கள் கவனிக்கவேண்டிய பகுதி இதுதான். மராத்திக் கேடயத்தில் ஒரு புள்ளிகூடப் பிசகவில்லை. கடையில் மராத்திக்கென்று பழகிய எழுத்துருவும், பல ஆண்டுகளாக அதில் வேலை செய்யும் தட்டச்சரும் இருக்கிறார்கள். தமிழுக்கு இரண்டும் இல்லை. நான் வாட்ஸ்அப்பில் அனுப்பிய வாசகத்தை அந்தத் தட்டச்சர் தம்பி அப்படியே நகலெடுத்துத் தன் வடிவமைப்பு மென்பொருளின் பழைய பதிப்பில் ஒட்டியிருக்கிறார். கணினி எழுத்துகளுக்கான பொதுக் குறியீட்டு முறையான ஒருங்குறியில் (யூனிகோட்) ஐகாரத்தின் இணைக்கொம்பு, அதாவது ‘லை’ போன்ற எழுத்தின் முன்னால் நிற்கும் குறி, மெய்யெழுத்துக்குப் பின்னால்தான் சேமிக்கப்படுகிறது. அதை எழுத்துக்கு முன்னால் கொண்டுவந்து காட்டுவது மென்பொருளின் வேலை. அந்த வேலையைச் செய்யத் தெரியாத பதிப்பில் “தலைமையாசிரியை” என்ற சொல் என்ன பாடுபடும் என்று எண்ணிப்பாருங்கள். அதில் மூன்று இணைக்கொம்புகள்; மூன்றும் வலப்பக்கம் இடம்பெயர்ந்து, ஒவ்வொன்றும் ஒரு புள்ளிவட்டத்தைச் சுமந்துகொண்டு நின்றன. தமிழ் அறியாத கண்ணுக்கு அது அழகான வேலைப்பாடாகவே தெரிந்திருக்கும். லேசர் அதை நேர்த்தியாகப் பொறித்தும் விட்டது.

பிழை யாருடையது என்ற வாக்குவாதத்தில் உரிமையாளர் இறங்கவில்லை என்பதை அவர் கணக்கில் வரவு வைக்கவேண்டும். ஆனால் பொறிப்பதற்கு முன் மாதிரிப் படம் அனுப்பி ஒப்புதல் வாங்குவதாகச் சொல்லியிருந்தவர் அனுப்பவில்லை. ஒரு நாளும் ஒரு அக்ரிலிக் பலகையும் அதனால் வீணாயின. மறுமுறை நான் வாசகத்தைக் கணினியில் அமைத்து, எழுத்துகளை வெறும் கோட்டுருவங்களாக மாற்றி, அவர்கள் மொழியில் சொன்னால் ‘கர்வ்’ செய்து, பிடிஎஃப் கோப்பாகக் கொடுத்தேன். அப்படிக் கொடுத்தால் எழுத்துரு இல்லாவிட்டாலும் கொம்பு நகர வழியில்லை. புதிய பலகைக்கு அவர் பணம் கேட்கவில்லை.

படத் தேர்வில்தான் இந்தக் கடை என்னை வியக்கவைத்தது. விழாவை ஜூலை 15 அன்று, காமராசர் பிறந்தநாளில் வைத்திருந்தோம். தமிழ்நாட்டில் 2006 முதல் அது கல்வி வளர்ச்சி நாள். தாராவியில் அவர் பெயரில் பள்ளியே இருக்கிறது. ஆகவே தலைமையாசிரியையின் கேடயத்தில் அவர் படம் என்று முடிவு செய்திருந்தோம். கடையின் கணினியில் கல்வி விழாக்களுக்கென்று இருந்த கோப்புறையில் சாவித்திரிபாய் புலே, ஜோதிராவ் புலே, கோலாப்பூர் சாகு மகாராஜா, அம்பேத்கர், ராதாகிருஷ்ணன் ஆகியோர் இருந்தனர், காமராசர் இல்லை. “இவர் யார்?” என்றார் உரிமையாளர். ஆறாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனவர், முதலமைச்சரான பிறகு ஊர்தோறும் பள்ளிகளைத் திறந்தவர், பசியோடு வரும் பிள்ளை படிக்காது என்று 1956-இல் பள்ளிகளில் மதிய உணவைத் தொடங்கியவர் என்று சொன்னேன். நாடு முழுவதற்குமான திட்டம் வர 1995 ஆனது. சமைத்த உணவாகவே தரவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட 2001 ஆனது என்பதையும் சேர்த்துக்கொண்டேன். அவர் சற்று யோசித்துவிட்டு, “அப்படியானால் இவர் கிச்சடிக்காரப் பெண்களின் கேடயத்தில் அல்லவா இருக்கவேண்டும்?” என்றார். எங்கள் குழுவில் ஏழு பேர் மூன்று கூட்டம் போட்டும் யாருக்கும் தோன்றாத யோசனை அது. அப்படியே மாற்றினோம். 1848-இல் புனேயில் பெண்களுக்கான பள்ளியில் பாடம் நடத்திய சாவித்திரிபாய், பிள்ளைகளைத் தேடிப்போன தலைமையாசிரியையின் கேடயத்துக்கு வந்தார்.

முதல் மாதிரியில் ஒரு வேடிக்கையும் நடந்தது. அக்ரிலிக்கில் லேசர் சுட்ட இடம் வெளுத்து நிற்கும். எனவே ஒளிப்படத்தை நிறம் புரட்டிக் கொடுக்காவிட்டால் பழைய ஃபிலிம் சுருளைப் போலக் கறுப்பும் வெள்ளையும் இடம் மாறி வரும். துண்டுப் பலகையில் எடுத்த சோதனையில், ‘காலா காந்தி’ என்று அழைக்கப்பட்டவரின் முகம் வெள்ளை வெளேரென்றும் கதர்ச் சட்டை கறுத்தும் நின்றன. அண்ணாச்சிக்குக் கோபம், தம்பிக்குச் சிரிப்பு. அடுத்த பத்து நிமிடத்தில் சரிசெய்துவிட்டார்கள். எழுத்துக்கும் இதேபோல் துண்டுப் பலகையில் சோதனை செய்திருந்தால் முன்சொன்ன கதைக்கே இடமிருந்திருக்காது.

க்யூஆர் குறியீடு வேண்டாம் என்பது என் அறிவுரை. பள்ளியின் பழைய ஒளிப்படத் தொகுப்புக்கு இட்டுச்செல்லும் குறியீடு ஒன்றை மேலாண்மைக் குழுவின் கேடயத்தில் பொறிக்கச் சொன்னோம். பாடநூலில் க்யூஆர் குறியீட்டை ஒட்டி, கிராமத்துப் பள்ளியில் பாடம் நடத்திய சோலாப்பூர் மாவட்ட ஆசிரியர் ரஞ்சித்சிங் திசளேவை நினைத்துக்கொண்டு எழுந்த ஆசை அது. 2020-இல் பத்து லட்சம் டாலர் உலக ஆசிரியர் பரிசை வென்று, அதில் பாதியை மற்ற இறுதிப் போட்டியாளர்களுக்குப் பகிர்ந்தளித்தவர் அவர். ஆனால் அவருடைய குறியீடு வெள்ளைக் காகிதத்தில் கறுப்பாக அச்சிடப்பட்டது. எங்களுடையது தெளிந்த அக்ரிலிக்கில் மங்கிய வெண்மையாகப் பதிந்தது. போதிய நிறவேறுபாடு இல்லாததால் எந்தக் கைப்பேசியும் அதைப் படிக்கவில்லை. பின்புறம் கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டிய பிறகு சில கைப்பேசிகள் படிக்கின்றன.

மற்றவை சுருக்கமாக. மூன்று கேடயங்களுக்கும் பெட்டியோடு சேர்த்து 4,200 ரூபாய் ஆனது. இந்த வேலைக்கு அது நியாயமான விலை. அடிக்கட்டை தேக்கு என்று சொன்னாலும் தூக்கிப் பார்த்தால் மரநாரை அழுத்திச் செய்து மேலே தாள் ஒட்டிய எம்டிஎஃப் பலகைதான். வெல்வெட் பெட்டிக்கு மேல் பிளாஸ்டிக் உறை கேட்டு வாங்கவேண்டும். மெரின் லைன்ஸ் நிலையம்வரை நடந்ததிலேயே ஒரு பெட்டியின் சிவப்புச் சாயம் என் சட்டைக்கு வந்துவிட்டது. ரசீது உண்டு, முன்பணம் பாதி.

விழாவில் சமையல் குழுவிலிருந்து நால்வர் வந்தார்கள். கேடயத்தை வாங்கியதும் மூத்தவர் வரியை வாய்விட்டுப் படித்தார். பிறகு படத்தைக் காட்டி, யார் என்று மராத்தியில் கேட்டார். ஓய்வுபெறும் தலைமையாசிரியை அவர் பக்கத்திலேயே அமர்ந்து விளக்கத் தொடங்கினார். அந்த நேரத்தில் நாங்கள் வாசித்துக்கொண்டிருந்த வாழ்த்துமடலை இருவரும் கேட்கவில்லை.

இதே கடைக்கு மீண்டும் போவேன். போகிறவர்கள் தமிழ் வாசகத்தைக் கோட்டுருவமாக மாற்றிய பிடிஎஃப் கோப்பை எடுத்துச் செல்லுங்கள். துண்டுப் பலகையில் படத்தோடு எழுத்தையும் சோதித்துக் காட்டச் சொல்லுங்கள். விழாவுக்குப் பத்து நாள் முன்பே கொடுங்கள். ஆசிரியர் தினத்துக்கு என்றால் ஆகஸ்டு நடுவிலேயே கொடுத்துவிடுவது நல்லது. அதன்பிறகு அவர் புதிய வேலை வாங்குவதில்லை என்றார்.