‘ஒரு வாரத்தில் பளிச்’ கிரீமா? ஸ்டிக்கரை உரித்துப் பாருங்கள்

திருநெல்வேலி டவுனில் ஒரு அழகு நிலையத்தில் எங்கள் மைனியை ஏமாற்றிவிட்டார்கள். பேர் சொல்லவில்லை. இதே கிரீம் வேறு கடைகளிலும் இருக்கலாம் என்பதால் எழுதுகிறேன்.

மைனிக்குக் கன்னத்தில் மங்கு. அந்தக் கடைச் சுவரில் வெள்ளைக் கோட்டு போட்ட ஒரு பெண்ணின் படமும், தோலுக்குள் நீலச் சொட்டு இறங்குகிற வரைபடமும் ஒட்டியிருந்தன. கீழே ‘மருத்துவ ரீதியாக நிரூபிக்கப்பட்டது, தோல் நிபுணர்களால் சோதிக்கப்பட்டது’. யார் சோதித்தார்கள், எத்தனை பேருக்கு, எதனோடு ஒப்பிட்டு? ஒன்றும் கிடையாது. கேட்டதற்கு, “எல்லாம் விட்டமின்தான் யக்கா, ஒரு வாரத்துல பளிச்சுன்னு ஆயிரும்” என்றார்கள்.

பளிச்சென்று ஆனதும் உண்மை. அதனால்தான் எல்லோரும் நம்பிவிடுகிறார்கள். அப்புறம் முகம் சிவந்தது, பரு கிளம்பியது, கன்னத்தில் பூனைமுடி வளர்ந்தது, அடுப்படியில் நின்றாலே எரிச்சல். பூசாமல் விட்டால் இன்னும் மோசம். “உள்ள இருக்க அழுக்கு வெளிய வருது, விடாம பூசுங்க” என்று இன்னொரு டியூப்பை விற்றார்கள். எனக்கு ஆத்திரம் வந்தது இந்த இடத்தில்தான்.

ஹைகிரவுண்ட் பெரியாஸ்பத்திரியில் தோல் டாக்டர் முகத்தைப் பார்த்ததுமே டியூப்பைக் கேட்டார். கடையின் ஸ்டிக்கரை உரித்தால், டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்ற எச்சரிக்கைக் கட்டம். உள்ளே இருப்பது மொமெட்டசோன், ஹைட்ரோகுயினோன், ட்ரெடினாயின். மொமெட்டசோன் ஒரு ஸ்டீராய்டு. அது ரத்தக் குழாய்களைச் சுருக்குவதால் தோல் சீக்கிரம் வெளுத்துத் தெரியும். ஹைட்ரோகுயினோன் நிறமி உருவாவதைத் தடுக்கும், ட்ரெடினாயின் மேல்தோலை உரிக்கும். மங்குக்கு டாக்டர்களே இந்தக் கலவையைக் கொஞ்ச காலத்துக்கு, கண்காணிப்போடு கொடுப்பதுண்டு. நாள்கணக்கு இல்லாமல் பூசினால் தோல் மெலிந்து, நிறுத்தும்போது எரிச்சல் திரும்பித் தாக்கும். வயிற்றில் பிள்ளை இருக்கும்போது ட்ரெடினாயின் பூசவே கூடாது. இதை அழகு நிலையத்தில் விற்க ஒருவருக்கும் உரிமை இல்லை. இத்தகைய ஸ்டீராய்டு களிம்புகளைச் சீட்டு இல்லாமல் விற்பதற்கு 2018லேயே தடை வந்துவிட்டது.

பேர் ஊர் இல்லாத வெள்ளையாக்கும் கிரீம்களில் பாதரசமும் இருக்கலாம். பக்கத்துக் கேரளாவில், மலப்புரம் மாவட்டத்தில், அப்படிப்பட்ட கிரீம் பூசியவர்களுக்குச் சிறுநீரகம் பாதித்ததை 2023ல் டாக்டர்கள் கண்டுபிடித்தார்கள்.

வாங்கும்போது சுவரில் இருக்கும் வரைபடத்தை விட்டுவிட்டு, உள்ளே என்னென்ன கலந்திருக்கிறது, தயாரிப்பு உரிம எண், பேட்ச் எண் எல்லாம் அட்டையில் இருக்கிறதா என்று பாருங்கள். ஏற்கெனவே பூசிக்கொண்டிருந்தால் நீங்களாகத் திடீரென்று நிறுத்தாமல் தோல் டாக்டரிடம் போங்கள். டியூப்பையும் பில்லையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். நுகர்வோர் உதவி எண் 1915க்கும், மாவட்ட மருந்து ஆய்வாளருக்கும் புகார் கொடுக்க அவைதான் கையில் இருக்கும் சாட்சி.