மேக்ரோவா, மார்க்எடிட்டா, பைதானா? திருகோணமலை நூலக மேசையிலிருந்து ஓர் ஒப்பீடு

எங்கள் பட்டியலாக்க மேசைக்கு மும்மொழி நூல்களும் வருகின்றன. ஆங்கில நூலென்றால் வேலை இலகு. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் பதிவை இறக்கி, நமது சேர்க்கை இலக்கத்தைச் சேர்த்தால் பெரும்பாலும் போதும். திருகோணமலைக் கவிஞர் ஒருவர் தாமே அச்சிட்ட தொகுப்புக்கு ஆயத்தப் பதிவு எங்கே கிடைக்கும்? எல்லாவற்றையும் நாமே எழுதவேண்டும். அதனால் பட்டியலாக்க வேலையை இலகுவாக்கும் எந்தக் கருவியையும் தமிழ் நூல்களை வைத்தே அளக்கிறேன்.

விசைப்பலகை மேக்ரோவை ஒரு மாலையில் கற்றுவிடலாம். மூன்று எழுத்தை அடித்தால் ‘திருகோணமலை : ஆசிரியர் வெளியீடு’ என்று விரியும், தமிழ் இலக்கியத்துக்கான 894.811 என்ற பகுப்பு எண்ணும் அப்படியே. ஆனால் அது சுட்டி நிற்கும் இடத்தில் எழுதும், அவ்வளவுதான். இணைய வேகம் குறைந்து பக்கம் திறக்கத் தாமதித்தால் தலைப்பு ஆசிரியர் கட்டத்தில் போய் விழும். சொற்களை விரிக்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கட்டம் விட்டுக் கட்டம் தாவ விடாதீர்கள்.

நூலகப் பதிவுகளை மொத்தமாகத் திருத்த டெரி ரீஸ் உருவாக்கிய மென்பொருளான மார்க்எடிட் இலவசம், நிரல் எழுதத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஒருமுறை செய்த திருத்தங்களைப் பணித்தொகுப்பாகச் சேமித்து, ஆயிரம் மார்க் (கணினி படிக்கக்கூடிய நூற்பட்டியல் வடிவம்) பதிவுகளிலும் ஒன்றாக ஓட்டலாம். சிறு நூலகத்துக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். ஒரே எச்சரிக்கை: ‘பௌத்தம்’ என்பதைப் பலர் ஒற்றைக்கொம்பும் ளகரமுமாக ‘பெளத்தம்’ என்று அடித்திருப்பார்கள். அதைத் திருத்தப்போய் ‘ெள’ வரும் இடமெல்லாம் மாற்றச் சொன்னால் ‘தெளிவு’ம் சிதைந்துபோகும். முழுச் சொல்லைக் கொடுத்தே மாற்றவேண்டும்.

நிரல்மொழியான பைதான் கடினம்தான். ஆனாலும் எங்கள் உண்மையான தலைவலிக்கு மருந்து அதில்தான் இருக்கிறது. பழைய எக்செல் பட்டியல்கள் பாமினி எழுத்துருவில் கிடக்கின்றன. ஆங்கில எழுத்துகளின் குறிகளுக்குத் தமிழ் வடிவம் கொடுத்த பழைய எழுத்துரு அது. பாமினியில் ‘கோ’ என்பதற்கு இரட்டைக்கொம்பு முதலில், ககரம் பிறகு. இன்றைய பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடில் ககரம் முன்னே. எழுத்தை மாற்றினால் போதாது, வரிசையையும் மாற்றவேண்டும். பக்கத்துக் கட்டத்தில் பதிப்பகத்தின் பெயர் ஆங்கிலத்தில் இருந்தால், கண்மூடித்தனமான மாற்றி அதையும் பொருளற்ற தமிழாக்கிவிடும். பைதானிடம் ‘எழுத்துரு பாமினியாக உள்ள கட்டத்தை மட்டும் மாற்று’ என்று சொல்லலாம். ‘கொ’வின் கொம்பும் காலும் சிலரது தட்டச்சில் ஒரே குறியாகவும் சிலரது தட்டச்சில் இரண்டாகவும் பதிந்திருக்கும், கண்ணுக்கு வேறுபாடு தெரியாது, தேடல் தவறலாம். அதைச் சீராக்கப் பைதானில் ஒரு வரி நிரல் போதும்.

நூலின் அடையாள எண்ணான 13 இலக்க ஐஎஸ்பிஎன்னையும் பைதான் சோதிக்கும்: இலக்கங்களை மாறிமாறி 1, 3 ஆல் பெருக்கிக் கூட்டினால் தொகை பத்தால் வகுபடவேண்டும். ஓர் இலக்கம் பிழைத்தால் நிச்சயம் அகப்படும். அடுத்தடுத்த 1, 6 இடம் மாறினால் அகப்படாது.

பெயர்களில் மட்டும் எந்தக் கருவிக்கும் இறுதி உரிமை கொடுக்கமாட்டேன். நம் ஊர் அறிஞர் தி. த. கனகசுந்தரம்பிள்ளையை எடுத்துக்கொள்வோம். ‘தி’ ஊரின் பெயர், ‘த’ தந்தையின் பெயர். ஒருவர் ‘த.’ என்று மட்டும் எழுதுவார், மற்றொருவர் ‘கனகசுந்தரம் பிள்ளை’ என்று பிரிப்பார். அவருடைய தம்பி சரவணமுத்துப்பிள்ளைக்கும் அதே இரண்டு முன்னெழுத்துகள். ஒத்த பெயர்களை அருகருகே நிறுத்திப் பட்டியலிடப் பைதானை ஏவுகிறேன். பிறகு நூலைத் தட்டிலிருந்து எடுத்து, உட்தலைப்புப் பக்கத்தைப் பார்த்து, நானே இணைக்கிறேன்.