பிளாஸ்டிக் கயாக்குக்கு "ஃபைபர் அடித்துத் தருகிறோம்" என்றால் கொடுத்துவிடாதீர்கள்

சென்னைப் பக்கம் சொந்தமாகக் கயாக் (துடுப்புப் போட்டு ஓட்டும் சிறு படகு) வைத்திருப்பவர்களுக்காக எழுதுகிறேன். ஈ.சி.ஆரில் நீர் விளையாட்டுச் சாமான் விற்கும் ஒரு கடை, அடியில் விரிசல் விட்ட என் கயாக்கைச் சரிசெய்ய 7,500 ரூபாய் வாங்கியது. புகார் கொடுத்திருப்பதால் கடையின் பெயரைப் போடவில்லை. என்ன செய்தார்கள் என்பதை மட்டும் சொல்கிறேன்.

என்னுடையது மேலே உட்கார்ந்து ஓட்டும் வகை. பாலிஎதிலீன் தூளை அச்சுக்குள் போட்டு, சூட்டில் சுழற்றி வார்த்தெடுப்பது. மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியும் இதே முறையில், இதே இனத்துப் பிளாஸ்டிக்கில்தான் வருகிறது. இதன்மேல் எதுவும் லேசில் ஒட்டாது. எபாக்ஸிப் பசையோ, கண்ணாடியிழையைப் பிடித்து இறுகவைக்கும் ரெசினோ பூசினால், காய்ந்தபின் நகத்தால் நெம்பினாலே உரிந்து வரும். மேற்பரப்பில் தீச்சுடரைப் படாமல் படவிட்டுப் பதப்படுத்தி, அதற்கென்று உள்ள எபாக்ஸியைப் பூசும் முறை ஒன்று உண்டு. அதையும் அவர்கள் செய்யவில்லை.

"இம்போர்ட்டட் மெரைன் ரெசின் சார், பத்து வருஷம் அசையாது" என்றார் கடைக்காரர். கண்ணாடியிழை மேட் வைத்து, ரெசின் பூசி, மேலே பெயிண்டும் அடித்துப் பளபளவென்று கொடுத்தார்கள். பில் கேட்டதற்கு "ரிப்பேர்" என்று மட்டும் எழுதிய துண்டுச்சீட்டு.

முட்டுக்காட்டில் இறக்கிக் கொஞ்ச நேரத்திலேயே கயாக் சொன்ன பக்கம் திரும்பவில்லை. இந்த வகையில் அடிக்கூடு முழுக்க மூடியிருக்கும், தண்ணீர் ஏறுவது கண்ணுக்குத் தெரியாது. உள்ளே சேர்ந்த தண்ணீர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடி, ஆளைக் கவிழ்க்கப் பார்க்கும்போதுதான் தெரியும். லைஃப் ஜாக்கெட் போட்டிருந்தேன், கரையும் பக்கம். கோவளத்துக் கடலில் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கவே பிடிக்கவில்லை. கரையில் கவிழ்த்துப் பார்த்தால், ஒட்டு முழுசாக அப்பளம்போலக் கழன்று ஒரு ஓரத்தில் தொங்கியது.

கடைக்குப் போனால், "பாறையில் இடிச்சிருப்பீங்க சார்" என்று முடித்துவிட்டார்கள்.

மீன்பிடிப் படகு பழுதுபார்க்கும் ஒருவரிடம் காட்டினேன். 2004 சுனாமிக்குப் பிறகு நம் கரையில் கட்டுமரங்கள் குறைந்து ஃபைபர் போட்டுகள் பெருகிவிட்டன, அவருக்கு மேட்டும் ரெசினும்தான் தினசரி வேலை. தொட்டுப் பார்த்ததுமே, "தம்பி, இது டேங்க் பிளாஸ்டிக்கு. நம்ம மேட்டு இதுல புடிக்காது. யாரு இப்படிப் பண்ணது?" என்றார். அந்த வேலையிலேயே இருக்கிறவர் காசு வேண்டாம் என்று திருப்பி அனுப்புகிறார், கயாக் விற்கிற கடைக்கு அது தெரியாதாம்!

ஒட்டைப் பிரித்தபோது இன்னும் எரிச்சல் வந்தது. விரிசலுக்குள் சிலிகானைத் திணித்திருந்தார்கள். அது கொஞ்சம் மிச்சமிருந்தாலும் பிறகு உருக்கி ஒட்டுவது பிடிக்காது, முழுக்கச் சுரண்டி எடுப்பதே பெரிய பாடாகிவிட்டது. விரிசலின் இரு முனையிலும் சின்னத் துளை போட்டிருந்தால் அது மேலே ஓடாமல் நின்றிருக்கும். போடவில்லை, நீண்டுவிட்டது.

கடைசியில் வீட்டிலேயே செய்தேன். முனைகளில் துளை, விரிசல் நெடுக 'வி' வடிவில் பள்ளம், சுத்தம் செய்தபின் ஹாட் ஏர் கன்னால் கயாக்கையும் பாலிஎதிலீன் குச்சியையும் சேர்த்து இளக்கி அழுத்துவது, அவ்வளவுதான். குச்சி மட்டும் உருகி கயாக் உருகாவிட்டால் பிடிக்காது. கன்னையும் குச்சியையும் சேர்த்தே மூவாயிரத்துக்குள் முடிந்தது. ஜன்னலைத் திறந்துவைத்துச் செய்யுங்கள். கிராஸ்லிங்க்டு பாலிஎதிலீனில் செய்த கயாக் என்றால் இது ஆகாது, அது சரியாக உருகாது. வாங்கும்போது கொடுத்த தாளைப் பாருங்கள்.

கயாக் எந்தப் பொருள் என்று தெரியாவிட்டால், ஓரத்தில் ஒரு சீவல் எடுத்து பக்கெட் தண்ணீரில் போடுங்கள். பாலிஎதிலீன் மிதக்கும், ஃபைபர் மூழ்கும். குச்சி வாங்கும்போது இந்தச் சோதனையை நம்பக் கூடாது, ஏனென்றால் பாலிப்ரொப்பிலீனும் மிதக்கும், ஆனால் பாலிஎதிலீனோடு சேராது. வெளியே தெரியாத இடத்தில் ஒரு துளி உருக்கி வைத்து, ஆறியபின் பிடித்து இழுத்துப் பாருங்கள். கையோடு வந்தால் அந்தக் குச்சி வேண்டாம்.

கடையில் கொடுத்தே ஆக வேண்டுமென்றால், எந்த முறையில் செய்யப் போகிறார்கள் என்பதை பில்லில் எழுதி வாங்குங்கள். நான் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிந்தேன். பழுதடைந்த ஒட்டு, படங்கள், பணம் அனுப்பிய விவரம் எல்லாம் பத்திரமாக இருக்கிறது. அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான், நாம் கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் புகாருக்குக் கட்டணமும் கிடையாது. புகார் போனபிறகு கடையிலிருந்து போன் வந்தது. பாதிப் பணம் தருகிறார்களாம், நான் போட்ட ரிவ்யூவை எடுத்துவிட வேண்டுமாம். முழுப் பணமும் வரட்டும், ரிவ்யூவை எடுக்கிற பேச்சே இல்லை என்று சொல்லிவிட்டேன்.