பட்டன் போனா, ஸ்மார்ட்போனா?

பாலக்காடு பக்கம் கொழிஞ்சாம்பாறையில் எங்கள் மாமா இன்னும் பட்டன் போனோடுதான் திரிகிறார். "என்னை எவனும் வேவு பார்க்க முடியாது" என்பார். பாதிதான் சரி. எந்த போனில் இருந்தாலும் சிம் எங்கே இருக்கிறது என்பது டவருக்குத் தெரியும். மாநில எல்லையில் இருக்கும் வேலந்தாவளம் தாண்டிக் கோயம்புத்தூர் பக்கம் போனால், டவர் மாறுவதும் பதிவாகும். யாரோடு எவ்வளவு நேரம் பேசினார் என்று போலீஸ் முறைப்படி எழுதிக் கேட்டால் கம்பெனி கொடுத்தாக வேண்டும். உரிய உத்தரவு இருந்தால் பேச்சையே ஒட்டுக்கேட்கலாம். சாதாரண அழைப்பையும் எஸ்எம்எஸ்ஸையும் விட வாட்ஸ்அப் அழைப்புக்குப் பூட்டு கெட்டி. அதைச் சொன்னால் மாமாவுக்குக் கோபம் வரும்.

ஆனால் ஆப் மூலம் நம் தகவலைத் திரட்டி வியாபாரம் பண்ணுகிறவன் கண்ணிலிருந்து தப்பிக்க பட்டன் போன்தான் மேல். என் ஸ்மார்ட்போனில் டார்ச் ஆப்கூட லொக்கேஷன் கேட்டது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நானோ படிக்காமலே 'அனுமதி'யை அழுத்துகிறேன்.

பணம் அனுப்பவா? பட்டன் போனிலும் யுபிஐ உண்டு. மாமா தொடுவதில்லை. அவசரத்துக்கு என்னிடம்தான் வருவார்: "மாப்ளே, கொஞ்சம் ஸ்கேன் பண்ணிவிடு."