திராட்சை விதை எண்ணெய்: இரண்டரை வருடம் தேய்த்துப் பார்த்ததில் தெரிந்தவை

இரண்டரை வருடமாகத் திராட்சை விதை எண்ணெயை முகத்துக்கும் கைகால்களுக்கும் தடவி வருகிறேன். இடையில் ஒரு வருடம் சமையலிலும் சேர்த்துப் பார்த்தேன். இதைப் பற்றி எழுதுகிறவர்களில் பாதிப்பேர் ஒரு வாரம் தடவிவிட்டு எழுதுகிறார்கள் என்பதால், நீண்ட நாள் பயன்படுத்தினால் என்ன ஆகிறது என்பதை உள்ளபடி சொல்லிவிடுகிறேன்.

எனக்கு மூக்கைச் சுற்றி எண்ணெய் வடியும், கன்னம் மட்டும் வறண்டு தோல் உரியும். ஆலிவ் எண்ணெய் தடவினால் இரண்டே நாளில் நாடியில் பரு வந்துவிடும். இதில் அந்தத் தொல்லை வரவில்லை. முகம் கழுவியதும் துடைக்காமல், ஈரம் இருக்கும்போதே மூன்று சொட்டை உள்ளங்கையில் தேய்த்து முகத்தில் ஒற்றி எடுப்பேன், பிசுபிசுப்பு இல்லாமல் சீக்கிரமே ஊறிவிடும். மூன்றாவது வாரத்தில் கன்னத்தில் தோல் உரிவது நின்றது. காய்ந்த முகத்தில் தடவிய நாட்களில் இந்தப் பலன் கிடைக்கவில்லை, ஏனென்றால் எண்ணெய் தானாக ஈரம் தராது, இருக்கிற ஈரத்தைத்தான் பிடித்துவைக்கும்.

காரணம் அதன் கொழுப்பு அமிலங்களில்தான் இருக்கிறது. இந்த எண்ணெயில் ஏறக்குறைய 70 சதவீதம் லினோலெயிக் அமிலம் என்ற ஒமேகா 6 வகைக் கொழுப்பு. தோலின் மேலடுக்கில் ஈரம் கசியாமல் காக்கும் செராமைடுகளில் முக்கியமான சிலவற்றை உடல் இதைக் கொண்டுதான் உருவாக்குகிறது. பரு வரும் தோலில் சுரக்கும் எண்ணெயில் இந்த அமிலம் குறைவாக இருப்பதாக ஆய்வுகளும் சொல்கின்றன. ஆலிவ் எண்ணெயில் ஓலெயிக் அமிலம்தான் பெரும்பங்கு. அதனால்தான் என் முகத்துக்கு ஒன்று ஒத்துப்போய் இன்னொன்று ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைக்கிறேன்.

சரி, நடக்காதது என்ன? பழைய பரு வடு அப்படியே இருக்கிறது. கண்ணோரச் சுருக்கமும் மாறவில்லை. பாட்டிலின் மேல் ‘ஆன்டிஆக்சிடன்ட் நிறைந்தது’ என்று பெரிதாகப் போடுவதைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. திராட்சை விதைக்குப் பெயர் வாங்கித்தந்த புரோஆந்தோசயனிடின்கள் என்ற ஆன்டிஆக்சிடன்ட்கள் எண்ணெயில் கரைவதில்லை, பிழிந்த பிறகு மிஞ்சும் சக்கையிலேயே பெரும்பாலும் தங்கிவிடுகின்றன. மாத்திரையாக விற்கும் விதைச் சாறு வேறு, இந்த எண்ணெய் வேறு. அப்புறம், வெயிலுக்கு இதைச் சன்ஸ்கிரீன் போல நம்பவே வேண்டாம்.

நான் செய்த பெரிய தவறு மூன்றாவது பாட்டிலில். மொத்தமாக இருக்கட்டும் என்று பெரிய பாட்டிலாக, அதுவும் வெள்ளைக் கண்ணாடியில் வாங்கி, குளியலறை ஜன்னல் திட்டில் வைத்திருந்தேன். நாலு மாதத்தில் மூடியைத் திறந்தால் பழைய வார்னிஷ் மாதிரி ஒரு காறல் வாடை. கொட்ட மனம் வராமல் இன்னும் நாலைந்து நாள் தடவினேன், கன்னம் சிவந்து அரிக்க ஆரம்பித்தது. லினோலெயிக் அமிலம் அதிகம் இருக்கிற எண்ணெய் வெளிச்சமும் சூடும் பட்டால் சீக்கிரம் காறிவிடும். இப்போதெல்லாம் அடர்நிறச் சின்ன பாட்டில்தான், இருப்பது ஃபிரிட்ஜில், திறந்த தேதியைக் காகிதத்தில் எழுதி ஒட்டிவிடுவேன்.

சமையலைப் பொறுத்தவரை வாசனை தூக்கலாக இருக்காது, லேசாக வதக்க நன்றாக இருக்கிறது. ஒரு மேசைக்கரண்டியில் சுமார் 4 மில்லிகிராம் வைட்டமின் ஈ கிடைக்கும், பெரியவர்களுக்கு ஒரு நாளைக்குத் தேவையான 15 மில்லிகிராமில் அது கால் பங்கு. நிறைவுற்ற கொழுப்புக்குப் பதிலாகச் சேர்த்தால் கெட்ட கொலஸ்ட்ரால் குறைய உதவும். வழக்கமாகச் சாப்பிடும் கொழுப்போடு இதையும் கூடுதலாக ஊற்றினால் கரண்டிக்கு 120 கலோரி ஏறுவதுதான் மிச்சம். ஒமேகா 3 இதில் கிட்டத்தட்ட இல்லை. சுத்திகரித்த எண்ணெய் 215 டிகிரி வாக்கில்தான் புகையும் என்பதைப் பார்த்துப் பொரிப்பதற்கு ஏற்றது என்கிறார்கள். ஆனால் புகை வருவதற்கு முன்பே, நெடுநேரச் சூட்டில் லினோலெயிக் அமிலம் சிதைந்து ஆல்டிஹைடுகள் என்ற கெடுதலான பொருட்கள் உருவாகும். பொரிக்க நான் இதை எடுப்பதில்லை.

முதன்முறை தடவுகிறவர்கள் முழங்கையின் உட்பக்கத்தில் ஒரு சொட்டு வைத்து ஒரு நாள் பொறுத்துப் பாருங்கள், திராட்சை ஒவ்வாமை உள்ளவர்கள் தொடவே வேண்டாம். என் சமையலறையில் இப்போது இது இல்லை. முகத்துக்கான சின்ன பாட்டில் மட்டும் தீரத் தீர வாங்கிக்கொண்டிருக்கிறேன்.