உங்கள் ஃபர்னஸின் லிமிட் சுவிட்ச் வயர்கள் எங்கே போகின்றன என்று பாருங்கள்

கடந்த தை மாதம் எங்கள் வீட்டில் நடந்ததை எழுதுகிறேன். ரொறன்ரோவிலும் சுற்றுப்புறங்களிலும் பழைய வீடு வைத்திருப்பவர்கள், முக்கியமாக வயதான பெற்றோருடன் இருப்பவர்கள், தயவுசெய்து கடைசிவரை வாசியுங்கள்.

ஸ்காபரோவில் இருக்கிறோம். நிலக்கீழ் அறையில், வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ். இயற்கை எரிவாயுவில் ஓடுவது, வயது 17. வெளியே மறை 18 பாகை குளிர் அடித்த ஒரு மாலை, தெர்மோஸ்டாட்டில் 21 வைத்தும் வீடு 17ஐத் தாண்டவில்லை. கீழே போய்ப் பார்த்தேன். சுவாலை பற்றும், மூன்று நான்கு நிமிடம் எரியும், அணைந்துவிடும். காற்றுத் தள்ளும் விசிறி மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். சற்றுநேரத்தில் மறுபடியும் பற்றும். கதவிலுள்ள சிறு கண்ணாடித் துளைக்குள் ஒரு விளக்கு நான்கு நான்காக மினுங்கியது.

கலியாண வீடொன்றில் தெரிந்தவர் கொடுத்த இலக்கத்துக்கு அழைத்தேன். இரவு ஒன்பது மணிக்கு வந்தார். நம் மொழி பேசும் பிள்ளை, அந்தக் குளிரில் வந்துவிட்டாரே என்று அம்மா தேநீர் ஊற்றிக் கொடுத்தார். இருபது நிமிடத்தில் வேலை முடிந்தது. "லிமிட் சுவிட்ச் பழுது அண்ணை. புதிது போட்டிருக்கிறேன். இனி ஐந்து வருடத்துக்குக் கவலை இல்லை" என்றார். ஃபர்னஸுக்குள் சூடு எல்லை மீறினால் எரிவாயுவை நிறுத்தும் பாதுகாப்புச் சுவிட்ச் அது. 320 டொலர், கையில் காசாக. துண்டுச் சீட்டில் "லிமிட் சுவிட்ச் மாற்றப்பட்டது" என்று எழுதிக் கொடுத்தார். உரிம இலக்கமும் இல்லை, வரி இலக்கமும் இல்லை. வீடு சூடானது. அதற்குமேல் நான் எதையும் கேட்கவில்லை.

மூன்று வாரம் போயிருக்கும். "தம்பி, இரும்பு காய்கிற மணம் வருகிறது" என்றார் அம்மா. அவருடைய அறை ஃபர்னஸுக்கு நேர் மேலே. கீழே போய் மேற்தகட்டில் கை வைத்தேன். ஒரு நொடிகூட வைத்திருக்க முடியவில்லை. படிக்கட்டுத் தலையில் இருக்கும் ஃபர்னஸ் சுவிட்சை அணைத்துவிட்டு, வேறொரு நிறுவனத்தை அழைத்தேன்.

வந்தவர் நான் கேட்பதற்கு முன்பே தன் உரிம அட்டையைக் காட்டினார். கதவைத் திறந்து ஐந்து நிமிடம் ஒன்றும் பேசவில்லை. பிறகு டார்ச்சை என் கையில் தந்து, "இதைப் பாருங்கள்" என்றார். லிமிட் சுவிட்சுக்குப் போக வேண்டிய இரண்டு வயர்களும் கழற்றப்பட்டு, நுனிகள் ஒன்றோடொன்று முறுக்கி, ஆரஞ்சு நிறப் பிளாஸ்டிக் மூடி போட்டு, அதன்மேல் கறுப்பு டேப் சுற்றி, மற்ற வயர்க் கட்டுக்குப் பின்னால் செருகப்பட்டிருந்தன. 17 வருடத் தூசி படிந்த அதே பழைய சுவிட்ச் அங்கேயே இருந்தது. அதன் இரண்டு செப்புக் காதுகளும் வெறுமையாக நின்றன. புதிய சுவிட்ச் என்று ஒன்று எங்கள் வீட்டுக்குள் வரவே இல்லை.

இது ஏன் இவ்வளவு பெரிய விடயம் என்பதை அவர் விளக்கிய பிறகுதான் எனக்கே உறைத்தது. தெர்மோஸ்டாட் சூடு கேட்டதும் எரிவாயு திறந்துவிடுவதில்லை. முதலில் புகையை வெளியே இழுக்கும் சிறு விசிறி சுழல வேண்டும். அது உண்மையாகவே இழுக்கிறது என்று அழுத்தச் சுவிட்ச் சொல்ல வேண்டும். பிறகு தீமூட்டி தணலாகச் சிவக்கும், வால்வு திறக்கும். சுவாலை பற்றியதை உணரி சில நொடிக்குள் கண்டுகொள்ளாவிட்டால் வால்வு மூடிக்கொள்ளும். சுவாலை வெளியே புரண்டால் அறுக்க ஒரு சுவிட்ச். உள்ளே சூடு எல்லை மீறினால் அறுக்க இந்த லிமிட் சுவிட்ச். எங்களுடையதில் 170 என்று பொறித்திருந்தது. அத்தனை பாகை ஃபாரன்ஹைட்டில் அது திறந்து எரிவாயுவை நிறுத்தும். இந்தப் பாதுகாப்புச் சுவிட்சுகளுக்குப் போவதெல்லாம் 24 வோல்ட்டில் ஓடும் மெல்லிய வயர்கள். அந்த இரண்டு வயரை முறுக்கிவிட்டால், எவ்வளவு சூடேறினாலும் நெருப்பை நிறுத்துவதற்கு ஆள் இல்லை.

சுவிட்ச் பழுதே இல்லை. மீட்டரில் வைத்துக் காட்டினார். உண்மையான பழுது, காற்றுத் தள்ளும் பெரிய விசிறியின் மோட்டார் சுழல உதவும் கப்பாசிட்டரில் (மின்தேக்கியில்) இருந்தது. 10 மைக்ரோஃபரட் இருக்க வேண்டியது 4 காட்டியது. விசிறி மெதுவாகச் சுழன்றதால் காற்றுப் போதவில்லை. சூடு உள்ளேயே தேங்கியது. வடிகட்டியும் அடைபட்டுக் கிடந்தது. மாதக்கணக்கில் மாற்றாமல் விட்டது என் தவறு. உள்ளே போகும் காற்றுக்கும் வெளியே வரும் காற்றுக்கும் உள்ள வித்தியாசம் 35 முதல் 65 பாகை ஃபாரன்ஹைட்டுக்குள் இருக்க வேண்டும் என்று பெயர்த்தகட்டிலேயே அச்சிட்டிருக்கிறது. ஓடவிட்டு அளந்தவர், 90ஐத் தாண்டியதும் உடனே நிறுத்திவிட்டார். லிமிட் சுவிட்ச் தன் வேலையைச் சரியாகச் செய்துகொண்டிருந்தது. முதலில் வந்தவர் அதன் வாயைக் கட்டிவிட்டுப் போயிருக்கிறார்.

பழுதைக் கண்டுபிடிக்கச் சில நொடிகள் அப்படிக் குறுக்கே இணைத்துப் பார்ப்பது தொழிலில் உண்டு என்று இரண்டாமவரே சொன்னார். இணைத்ததை டேப் சுற்றி ஒளித்து வைத்ததைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. அது தெரியாமல் நடந்த பிழை அல்ல.

எரியும் புகையை வீட்டுக் காற்றிலிருந்து பிரித்து வைக்கும் வெப்பப் பரிமாற்றியைக் கமரா விட்டுப் பார்த்தார். வெடிப்பு இல்லை. இப்படிச் சூடேறி அதில் வெடிப்பு விழுந்தால் காபன் மொனொக்சைட்டு என்ற நச்சு வாயு வீட்டுக் காற்றில் கலக்கலாம். அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. 2008 இல் ஒன்ராறியோவின் உட்ஸ்ரொக் நகரில், எரிவாயுக் கணப்பின் புகைவழி அடைபட்டு ஒரு குடும்பத்தில் தாய், தகப்பன், இரண்டு பிள்ளைகள் என நால்வரும் இறந்தார்கள். அதன் பிறகே 2013 இல் மாகாணம் காபன் மொனொக்சைட்டு அலாரத்துக்குச் சட்டம் கொண்டுவந்தது. அம்மாவின் அறை வாசலில் இருந்த அலாரத்தை அன்றிரவே எடுத்துப் பார்த்தேன். காலாவதி ஆகியிருந்தது. புதிது வாங்கி மாட்டினேன்.

கப்பாசிட்டர், வயர் திருத்தம், பரிசோதனை எல்லாம் சேர்த்து வரியோடு 240 டொலர், முறையான பற்றுச்சீட்டு.

முதலாமவரைத் தொலைபேசியில் அழைத்தேன். "எல்லோரும் இப்படித்தான் செய்வார்கள் அண்ணை. வீடு சூடாகத்தானே இருந்தது?" என்றார். பிறகு என் அழைப்பை எடுக்கவே இல்லை.

ஒன்ராறியோவில் எரிவாயு வேலை செய்பவருக்கு ஜி1, ஜி2, ஜி3 என்ற உரிமங்களில் ஒன்று இருக்க வேண்டும். ஜி3 வைத்திருப்பவர் தனியாக இயங்க முடியாது, மேற்பார்வை வேண்டும். வேலையை ஏற்கும் நிறுவனம், மாகாணத்தின் தொழில்நுட்பப் பாதுகாப்பு அமைப்பான டி.எஸ்.எஸ்.ஏ.யில் பதிந்திருக்க வேண்டும். அட்டையைக் கேட்பதற்கு வெட்கப்படாதீர்கள். நம்மவர் என்பதற்காக நான் கேட்காமல் விட்டேன். பாகம் மாற்றினேன் என்றால் பழையதைக் கையில் வாங்குங்கள். விளக்கு எத்தனை முறை மினுங்குகிறது என்று எண்ணி வையுங்கள். அதன் பொருள் கதவின் உட்புற அட்டவணையில் இருக்கும். எங்களுடையதில் நான்கு என்றால் "லிமிட் திறந்துள்ளது, காற்றோட்டத்தைப் பார்" என்று தெளிவாக இருந்தது.

படங்களோடு டி.எஸ்.எஸ்.ஏ.க்கு முறைப்பாடு அனுப்பியிருக்கிறேன். அந்த ஆரஞ்சு மூடியையும் டேப் சுற்றிய வயர்த் துண்டையும் ஓர் உறையில் போட்டு வைத்திருக்கிறேன். அவர் இந்தக் குளிர்காலத்தில் இன்னும் எத்தனை வீட்டு நிலக்கீழ் அறைகளுக்குள் இறங்கினார் என்பதை நினைத்தால் நித்திரை வருவதில்லை. "லிமிட் மாற்றினேன்" என்று சொல்லி யாராவது உங்களிடமும் காசு வாங்கியிருந்தால், உரிமம் உள்ள ஒருவரை இந்த வாரமே அழைத்து, அந்த இரண்டு வயர்களும் எங்கே போய் முடிகின்றன என்று காட்டச் சொல்லுங்கள்.