பேய்க்கு நிஜ வீடா, பிளைவுட் வீடா?

சித்தப்பா மகன் ஒரு பேய்க்கதை எழுதி வைத்திருக்கிறான். பத்துப் பக்கம். பூட்டிக் கிடக்கும் ரெட்டை வீட்டுக்குள்ளிருந்து ராத்திரியில் வெற்றிலை இடிக்கும் சத்தம் வரும். கடைசி வரை கதவைத் திறக்க மாட்டார்கள். அவ்வளவுதான் கதை. (வெளியூர்க்காரர்களுக்கு: வளவு என்றால் வீட்டுக்கு நடுவிலுள்ள திறந்த முற்றம். அதைச் சுற்றி, கல்யாணமான மகன் ஒவ்வொருவருக்கும் ஒதுக்கும் அறைதான் ரெட்டை வீடு.) இதைக் குறும்படமாக எடுக்க வேண்டுமாம். கானாடுகாத்தான் பக்கம் ஒரு பழைய செட்டிநாட்டு வீட்டை வாடகைக்குப் பிடிப்பதா, காரைக்குடியில் காலியாகக் கிடக்கும் அரிசி குடோனில் செட் போடுவதா என்று ஒரு மாதமாக இதே பேச்சு.

"காரைக்குடியில இருந்துக்கிட்டு செட்டா? ஊரே சிரிக்கும்ணே" என்றான். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் இந்த ஊருக்குச் செட் ஒன்றும் புதிதல்ல. ஏ.வி.மெய்யப்பன் இங்கேதான் தேவகோட்டை ரஸ்தாவில் கொட்டகை போட்டு ஸ்டூடியோ நடத்தினார். 1947-இல் வந்த 'நாம் இருவர்' அங்கே எடுத்த படம்தான்.

சரி என்று ஒருநாள் வீட்டைப் பார்க்கப் போனோம். முகப்பில் நின்றால் பின்கட்டு வரை ஒரே நேராகத் தெரிகிறது. சுவரில் உள்ளங்கையை வைத்தேன். முட்டை வெள்ளைக்கரு சேர்த்த சுண்ணாம்புப் பூச்சு, கண்ணாடி மாதிரி சில்லென்றிருந்தது. தேக்குக் கதவைச் சாத்தினால் அந்தச் சத்தம் வளவு முழுக்கச் சுற்றிவிட்டு வருகிறது. இதையெல்லாம் பிளைவுட்டில் கொண்டுவர முடியாது.

ஆனால் மணி பதினொன்றுக்கு வளவில் வெயில் இறங்கியதும் தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல்லின் மஞ்சளும் சிவப்பும் பளிச்சென்று சிரித்தன. கல்யாண வீடு மாதிரி இருந்தது. மேலே புறாக்கள் ஓயாமல் குமுறின. ஒரே காட்சியை மூன்று மணி நேரம் எடுத்தால் வெயில் மூன்று தூண் தள்ளிப் போயிருக்கும். ஆணி அடிக்கக் கூடாது, டிராலி உருட்டுவதென்றால் ஜமுக்காளம் விரிக்க வேண்டும். பூட்டிய அறைகளைப் பற்றிக் கேட்டதற்கு வாட்ச்மேன் அண்ணன் சொன்னார்: "இந்தச் சாவி சிங்கப்பூர்ல இருக்கு தம்பி, அடுத்தது கோயம்புத்தூர்ல. படைப்புக்கு வந்தாத்தான் திறப்பாக." (படைப்பு என்றால் முன்னோருக்குக் குடும்பமாகக் கூடிப் படையல் போடுவது.) கதைக்கு இதைவிட நல்ல வசனம் கிடைக்காது. படப்பிடிப்புக்குத்தான் இது உதவாது. ஒரு கதவைத் தொடுவதென்றாலும் அத்தனை பங்காளிகளிடமும் கேட்க வேண்டும்.

என் மனசு மாறியது அதனால் இல்லை, 'தி ஷைனிங்'கால். பேய் பிடித்த ஒரு ஹோட்டலில் நடக்கும் கதை அது. ஸ்டீபன் கிங் 1977-இல் எழுதிய அந்த நாவலை இரண்டு விதமாக எடுத்திருக்கிறார்கள். 1980-இல் குப்ரிக் எடுத்த படத்தில் ஹோட்டலின் உள்பக்கம் பெரும்பாலும் இங்கிலாந்தில் எல்ஸ்ட்ரீ ஸ்டூடியோவில் போட்ட செட். கிங்குக்கு அந்தப் படம் பிடிக்கவில்லை. 1997-இல் அவரே திரைக்கதை எழுத, மூன்று பாகத் தொலைக்காட்சித் தொடராக மறுபடி எடுத்தார்கள். கொலராடோவில் அவர் தங்கியிருந்தபோது கதைக்கு வித்திட்ட ஸ்டான்லி ஹோட்டலிலேயே எடுத்தார்கள்.

நிஜ இடம், எழுதியவரின் கை, நாவலுக்குப் பக்கத்தில் நிற்கிற கதை. இவ்வளவும் இருந்தும் தொடரில் அந்த ஹோட்டல் நல்ல ஹோட்டலாகவே தெரிகிறது. போய்த் தங்கலாம் போலிருக்கிறது! குப்ரிக்கின் செட்டில் மேனேஜர் அறைக்குப் பின்னால் ஒரு ஜன்னல் உண்டு. சுற்றிப் போகும் நடையை வைத்துக் கணக்குப் போட்டால் அங்கே ஜன்னல் இருக்கவே முடியாது. பார்க்கிறவர்கள் கணக்குப் போடுவதில்லை, ஆனால் உள்ளுக்குள் ஏதோ நெருடுகிறது. நிஜ வீட்டுக்குப் பொய் சொல்லத் தெரியாது. செட்டுக்குத் தெரியும்.

நாவலில் செடியை வெட்டி மிருகங்களாக நிறுத்தியிருப்பார்கள், அவை நகரும். படிக்கும்போது கழுத்துக்குப் பின்னால் சிலிர்க்கும், ஏனென்றால் திரும்பிப் பார்க்கிற நேரத்தில்தான் அவை நகர்ந்திருக்கும். குப்ரிக் அதை விட்டுவிட்டு, செடிகளால் ஆன புதிர்ப்பாதையை வைத்தார். தொடரோ, நாவலுக்கு விசுவாசமாக மிருகங்களையே கம்ப்யூட்டரில் செய்து நடக்க விட்டது. எனக்குச் சிரிப்புதான் வந்தது. ஆனால் கிங்கின் கோபத்திலும் நியாயம் இருக்கிறது. நல்ல அப்பா ஒருவன் கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டுப்போவதுதான் நாவல். படத்தில் அவன் முதல் காட்சியிலேயே பாதி கிறுக்கன். அந்த ஒரு விஷயத்தில் தொடர்தான் ஒசத்தி.

கடைசியில் தம்பியிடம் இப்படிச் சொன்னேன். முகப்பும் பகல் காட்சிகளும் நிஜ வீட்டில் இருக்கட்டும். ராத்திரிக்கு மட்டும் குடோனில் வளவின் ஒரு பக்கத்தைப் போடு. பகலில் அந்தப் பக்கம் ஆறு கதவு என்றால் ராத்திரியில் ஏழு வை. படத்தில் யாரும் அதைப் பற்றி மூச்சு விடக் கூடாது.

"ஏழாவதைத் திறக்கணுமாண்ணே?"

"திறந்தா உள்ள யாருன்னு நீ சொல்லணுமே. எழுதும்போதே உன்னால சொல்ல முடியலையே!"

கொஞ்ச நேரம் முறைத்தான். அப்புறம் சரி என்றான். சத்தத்தை மட்டும் நிஜ வீட்டிலேயே, புறா அடங்கினபின் பதிவு செய்வதாக முடிவு. உரல் வாங்க எங்கள் ஆயாவிடம் (பாட்டிதான்) போனோம். தம்பி அங்கேயே உட்கார்ந்து இரண்டு தடவை இடித்துப் பார்த்தான்.

"வெறும் உரலை இடிக்காதடா" என்றார் ஆயா. "பாக்கைப் போட்டு இடி. சத்தம் வேற மாதிரி வரும்."